முப்பத்தேழு கடிதங்களின் எடை

மெயில் போய்ச் சேராததற்கு முதல் காரணம், அதை அனுப்பாததுதான். கல்லூரிக் கணினி மையத்தின் புகார் சன்னலில் ஆறு வருஷம் உட்கார்ந்து தபால் கண்டுபிடித்த உண்மை இது.

தபால் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பன்னிரண்டாயிரம் பேர் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கல்லூரியின் மெயில் சர்வர் அவன் பொறுப்பில் இருந்ததால், முதல்வர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தினமும் காலை பத்து மணிக்கு டோக்கன் மெஷின் உயிர்பெறும். பத்து ஒன்றுக்கு இயற்பியல் பேராசிரியர் வந்து நிற்பார்.

"முக்கியமான மெயில்ப்பா. மூணு நாளா போகவே இல்ல."

"சார், இது வரைவுல இருக்கு. அனுப்புற பட்டனை அமுக்கணும்."

"அமுக்கினேனே."

"மனசால அமுக்கியிருப்பீங்க சார்."

ஒரே பதிலை நாளுக்கு நாற்பது தடவை சொல்லி நாக்கு தேய்ந்துபோனதால், காரணங்களை ஒரு தாளில் எழுதி சன்னல் கண்ணாடியில் ஒட்டினான். விலாசத்தில் ஒரு புள்ளி குறைந்திருக்கும். எதிராளியின் பெட்டி நிரம்பியிருக்கும். யானையைத் தபால்தலை ஒட்டி அனுப்பப் பார்த்திருப்பீர்கள், சின்னக் கோப்பாக அனுப்பவும். குப்பைப் பெட்டியில் பார்க்கவும், பிறகும் ஒருமுறை பார்க்கவும். இப்படியே போய் ஆறாவதில் முடிந்தது: "மேற்கண்ட எதுவும் இல்லையென்றால் உங்கள் மெயில் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் போட அவருக்கு மனசில்லை."

மாணவர்கள் அந்த ஆறாவதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். காதலில் தோற்ற இரண்டு பேர் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்து நாற்காலிக்காரி சொன்னாள். அவளுக்கு வானிலை என்று பெயர். எந்த மெஷின் எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்வாள், பாதி பலிக்கும்.

சர்வருக்கு அவன் வருவதற்கு முன்பே ஏழு விதிகள் இருந்தன. எட்டாவது அவன் எழுதியது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பு இல்லை, உள்ளே ஓர் எழுத்து இல்லை, ஒரு கோப்பு மட்டும் ஒட்டியிருந்தது. "சும்மா என்னன்னு பார்த்தேன்" என்றார் அதிகாரி. அவர் சும்மா பார்த்ததில், உள்ளே இருந்த வைரஸ் கல்லூரியின் வினாத்தாள் மொத்தத்தையும் பூட்டிவிட்டது. தேர்வுகள் மூன்று வாரம் தள்ளிப்போயின. அந்த மெயிலை அனுப்பிய திருடனுக்கு நன்றி சொல்லி மாணவர்கள் விடுதி வாசலில் பேனர் வைத்தார்கள்.

முதல்வர் தபாலைக் கூப்பிட்டு, "இனி இப்படி ஒண்ணு உள்ள வந்தா நீ வெளிய" என்றார். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் அவன் விதியை எழுதி முடித்துவிட்டான். முதல் பத்து நாள் அது நாகரிகமாகத்தான் நடந்தது: கைவிட்ட ஒவ்வொரு மெயிலுக்கும், "உங்கள் மெயில் ஏற்கப்படவில்லை" என்று அனுப்பியவருக்கு ஒரு வரி போகும். ஆனால் திருடன் சொந்த விலாசத்தைப் போட்டா எழுதுவான்? சம்பந்தமில்லாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் அந்த வரி போனது. ஒரு பல் டாக்டர் நான்கு பக்கத்துக்குத் திட்டி எழுதினார். தலைப்போடு எழுதியிருந்ததால் அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. தபால் பதில் வரியை நிறுத்தினான். அதற்குப் பிறகு எட்டாவது விதி வாயைத் திறக்கவில்லை. விழுந்தது விழுந்ததுதான். அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது.

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதவேண்டும் என்பது மையத்தின் வழக்கம், பின்னால் வருகிறவர்களுக்குப் புரியவேண்டும் இல்லையா. தபால் எழுதினான்: "தலைப்பும் இல்லாமல், உள்ளே எழுத்தும் இல்லாமல், வெளியாளிடமிருந்து கோப்பு மட்டும் வந்தால், சத்தமில்லாமல் கைவிடு. நல்ல மனிதர் யாரும் இப்படி எழுத மாட்டார்."

அவனுக்குத் தெரிந்து அப்படி எழுதுகிற நல்ல மனுஷி உலகத்தில் ஒருத்தி இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவனுக்குப் பதினோரு வயது மூத்தவள் அக்கா. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அதற்கப்புறம் அவனுக்குத் தலை வாரியது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, விடுதிக்குப் பெட்டி கட்டியது எல்லாம் அவள்தான். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை. ஊராருடைய மனுக்களை அடித்துத் தருவாள். "பொருள்: குழாயில் தண்ணீர் வராதது தொடர்பாக." "பொருள்: அண்டை வீட்டுக்காரர் சுவர் எழுப்பியது தொடர்பாக." நாள் முழுக்க இதுதான். அவன் விடுதியில் இருந்தபோது அவள் அனுப்பும் மெயிலில் தலைப்பு இருக்காது, திறந்தால் வெள்ளையாக இருக்கும், 'தம்பி' என்ற பெயரில் ஒரு கோப்பு மட்டும் தொங்கும். கடிதம் அதற்குள் இருக்கும்.

"ஏன்க்கா, தலைப்புல ஏதாவது போடக்கூடாதா?"

"கூடப் பொறந்தவனுக்கு எழுதறதுக்கு 'பொருள்'னு போட நான் என்ன மனுவா கொடுக்கறேன் உனக்கு?"

"சரி, உள்ளயாவது ரெண்டு வரி எழுது."

"அது உறைடா. உறை மேல யாராவது கதை எழுதுவாங்களா? அதுவும் நம்ம கடை ஃபான்ட் எழுத்தை அங்க அடிச்சா கோழி கிளறின மாதிரி வருது."

அவளுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் கல்யாணம் நிச்சயமானது, அவளே நிச்சயம் பண்ணிக்கொண்டாள். மாப்பிள்ளை, பதினாறு வருஷமாக அவள் வேலைக்குப் போய்வந்த பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். மனைவியை இழந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தபாலை வீட்டுக்கு வரச்சொல்லி, அவரையும் உட்காரவைத்து, அக்கா விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். அவன் அதைப் பார்த்திருக்கவேண்டும். அவன் வாய்தான் முந்திக்கொண்டது.

"பாஸ் வாங்கினா போதாதாக்கா? பஸ்ஸையே வாங்கணுமா?"

டிரைவர் சிரித்துவிட்டார். நல்ல நகைச்சுவைதான். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். அவர் கிளம்பிய பிறகு வந்து கத்தினாள், அவனும் கத்தினான். இருபத்தைந்து வருஷத்தில் சொல்லாமல் விட்ட கணக்கெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அவன் வாசலில் நின்று, "நேர்ல பேசினாலும் சண்டை, ஃபோன்ல பேசினாலும் சண்டை. சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு. படிச்சுட்டுப் பதில் போடறேன்" என்றான்.

"எந்த விலாசத்துக்கு?"

"காலேஜ் விலாசத்துக்கே போடு. அங்க எதுவும் தொலையாது. நான்தானே பார்த்துக்கறேன்."

கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. சர்வர் மாற்றுகிற வேலை என்று வானிலையிடம் சொல்லி அனுப்பினான். அன்றைக்கு எந்த சர்வரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பிறகு காத்திருந்தான். அவள் எழுதட்டும், உடனே பதில் போட்டுவிடலாம். பதிலின் முதல் வரியைக்கூடத் தயாராக வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் குப்பைப் பெட்டியில் பார்க்கச் சொல்கிறவன், யாரும் பார்க்காத நேரத்தில் வாரம் இரண்டு தடவை தன் குப்பைப் பெட்டியைப் பார்த்தான். எடை குறைப்பதற்கு எட்டு வழிகள் இருந்தன, அக்கா இல்லை. ஆறு மாதம் போனது. ஒரு வருஷம். இரண்டு. கண்ணாடியில் ஒட்டிய தாளில் ஆறாவது காரணத்தை அவனே ஒருநாள் நின்று படித்தான். போய்ச் சேராதது ஒன்றுமில்லை, அவளுக்கு எழுத மனசில்லை, அவ்வளவுதான். பிடிவாதக்காரி. இந்த முடிவுக்கு வந்த பிறகு கோபப்படுவது சுலபமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. "டோக்கன் பதினாலு" என்று மெஷின் கூவியது. சன்னலுக்கு அந்தப் பக்கம் நீலச் சீருடையில் பத்தொன்பதாம் நம்பர் டிரைவர் நின்றார். டோக்கனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஒரு மெயில் விசாரிக்கணும் சார்."

அவர் 'சார்' என்றது தபாலின் காதில் சுருக்கென்று விழுந்தது. பக்கத்தில் வானிலை இருந்ததால் அவனும் சன்னல் குரலிலேயே, "சொல்லுங்க" என்றான்.

"அவளுக்கு முடியாம போச்சு. பதினோரு வாரம் ஆகுது. கடையில டைப் அடிச்சுட்டு இருக்கும்போதே சாஞ்சுட்டா. மூளைல ரத்தம் அடைச்சிருக்கு. வலது கை வரல. பேச்சு போயிடுச்சு."

"பேச்சுன்னா?"

"'சரி'ன்னு ஒண்ணு மட்டும் வருது. தண்ணி வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. எழுதவும் முடியல, படிக்கவும் எழுத்து கூடல. சொன்னா புரியுது."

தபால் எழுந்து நின்றுவிட்டான். "எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"உங்க நம்பர் அவ ஃபோன்ல 'கழுதை'ன்னு இருந்திருக்கு. யாருன்னு கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆச்சு. அப்புறம்..." அவர் டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தேழு லெட்டருக்கு வராதவர் ஒரு ஃபோனுக்கு வருவாரான்னு விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"என்ன முப்பத்தேழு?"

"அவ உங்களுக்கு எழுதினது. நான் திட்ட வரல சார். கோபம் எல்லார் வீட்டுலயும் இருக்கு. பேச்சுப் பயிற்சி கொடுக்கற அம்மா ஒண்ணு கேட்டாங்க. அவளே பேசற மாதிரி எழுதினது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க, தினம் படிச்சுக் காட்டுங்க, சொந்தப் பேச்சைக் கேட்டா நாக்கு அதைத் தேடிப் பிடிக்கும்னு. வீட்டுல அவ எழுதினதுன்னு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. எல்லாம் ஊரார் மனு. உங்களுக்கு எழுதினதுதான் அவ பேச்சு. அதுல ஒண்ணே ஒண்ணை எனக்கு அச்சடிச்சுத் தர முடியுமா?"

ஆறு வருஷப் பழக்கம் பொல்லாதது. தபாலின் வாய் தானாகக் கேட்டது: "விலாசம் சரியாப் போட்டாங்களா? அனுப்பினது உறுதியா? சில பேர் அனுப்பினதா நினைச்சுட்டு..."

"பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கேன் சார். அனுப்பினதும் காலண்டர்ல ஒரு புள்ளி வைப்பா. நானே எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு புள்ளி."

வந்து போகும் ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். எப்போது, யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை கேபி எடை, என்ன ஆனது. கடிதத்தை வைத்துக்கொள்ளாது, வரியை மட்டும்தான். அந்தப் பதிவேட்டைத் தபால் ஊருக்காகப் பல ஆயிரம் தடவை புரட்டியிருக்கிறான். தனக்காக ஒரு தடவைகூடப் புரட்டியதில்லை. தன் சர்வர் தன்னிடம் பொய் சொல்லும் என்று எந்தத் தபால்காரன் நினைப்பான்? டைப்பிங் கடையின் விலாசத்தை அடித்தான். திரையில் வரிகள் இறங்கின. கடைசிப் பத்தியில் எல்லா வரியிலும் ஒரே வாசகம்.

எட்டாவது விதி. கைவிடப்பட்டது.

முப்பத்தேழு வரிகள். பக்கத்தில் இருந்து வானிலையும் எட்டிப்பார்த்துப் படித்தாள்.

"இருக்கா சார்?" என்றார் டிரைவர் சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து.

"தேடணும். நாளைக்கு நானே வரேன்" என்றான் தபால். உண்மையைச் சொல்லச் சன்னல் சரியான இடம் இல்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். தைரியம் இல்லை என்பது ஏழாவது காரணம், கண்ணாடியில் ஒட்டாதது.

அடுத்த நாள் காலை அந்த முப்பத்தேழு வரிகளையும் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டு டைப்பிங் கடைக்குப் போனான். அனுப்பிய இடத்தில் நகல் இருக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. சன்னலில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அழுகையை நிறுத்தியிருக்கிறான்! பஸ்ஸில் போகும்போது அவன் மனசு கிட்டத்தட்ட லேசாகக்கூட இருந்தது.

கடைக்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது? எழுதி எழுதிக் கை தேஞ்சுபோச்சு அவளுக்கு."

"அனுப்பினதோட நகல் வேணும்மா. இந்த மெஷின்லதானே?"

"நகலா? சாயங்காலம் கடை சாத்தும்போது அனுப்பினதையெல்லாம் அழிச்சுடுவோமே. நாலு பேரோட மனு, நாலு பேரோட ரகசியம். பதினெட்டு வருஷமா அதான் இந்தக் கடையோட மானம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே உங்க அக்காதான்."

"அழிச்சது குப்பையில இருக்குமே?"

"அதையும் அழிச்சுடுவா. ரெண்டு தடவை பார்த்துப் பார்த்து அழிப்பா. சுத்தக்காரி."

தபால் மெஷின் பக்கம் குனிந்தான். "அப்ப கோப்பு? 'தம்பி'ன்னு ஒரு கோப்பு இருக்கணும். முப்பத்தேழு இருக்கணும்."

"அது ஒண்ணுதான்ப்பா இருக்கு. பழசை அழிச்சுட்டு அதுமேலயே புதுசு எழுதுவா. மனு அடிக்கறவங்க பழக்கம், பேரையும் தேதியையும் மாத்தினா புது மனு. 'ஒவ்வொண்ணையும் தனியா வைம்மா'ன்னு நான் சொன்னேன். 'அவன் கிட்டதான் எல்லாம் இருக்கே, எனக்கெதுக்கு'ன்னு சொல்லிட்டா."

அவன் கிட்டதான் எல்லாம் இருக்கே.

மெஷினில் 'தம்பி' இருந்தது. கடைசியாகத் திறந்த தேதி, பதிவேட்டின் முப்பத்தேழாவது வரியில் இருந்த அதே தேதி. ஒன்றாவது மிஞ்சியதே என்று தபால் அதைத் திறந்தான். கடையின் பழைய எழுத்தில், பக்கத்தின் உச்சியில், ஒரு சொல் இருந்தது.

தம்பி

அதற்குக் கீழே வெள்ளை. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. கமாகூட இல்லை.

அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருப்பாள், அதற்குள் சாய்ந்திருப்பாள் என்று முதலில் நினைத்தான். அப்படி நினைப்பது ஆறுதலாக இருந்தது. ஆனால் தொழில்காரன் மூளை சும்மா இருக்காது. இதை அப்படியே அனுப்பினால் எத்தனை கேபி வரும்? கடை மெயிலைத் திறந்தான். தலைப்பு போடவில்லை. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. கோப்பை ஒட்டி, தன் விலாசத்துக்கு, அக்கா அனுப்புவது மாதிரியே அனுப்பினான். பிறகு வானிலைக்கு ஃபோன் போட்டான்.

"பதிவேட்டைப் பாரு. இப்ப ஒண்ணு வந்திருக்கும்."

"வந்துச்சு." விசைப்பலகை தட்டும் சத்தம். "விழுந்துடுச்சு. எட்டாவது விதி."

"எத்தனை?"

"இருபத்தாறு கேபி."

பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தான். முதல் வரி, அறுபத்தொன்று. அடுத்தது ஐம்பத்து நான்கு. ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டு. அவன் பிறந்தநாள் வாரத்தில் மட்டும் திடீரென்று ஐம்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. அப்புறம் நாற்பது, முப்பத்தாறு, முப்பத்து மூன்று என்று இறங்கி, முப்பதில் ஆறு தடவை நின்று, இருபத்தெட்டு, இருபத்தேழு. கடைசி நான்கு வரிகளிலும் இருபத்தாறு.

ஒரு சொல்லின் எடை இருபத்தாறு என்று இப்போது அவனுக்குத் தெரியும். நான்கு தடவை அவள் 'தம்பி' என்று மட்டும் எழுதி, வேறு எதுவும் எழுதத் தெரியாமல், அதையே ஒட்டி, அனுப்பிவிட்டுக் காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறாள்.

"தபால்? லைன்ல இருக்கியா?" என்றாள் வானிலை.

"விதியைத் தூக்கிடு."

"தூக்கிடறேன். முதல்வர் கேட்டா?"

"நல்லவங்க சில பேர் இப்படித்தான் எழுதறாங்கன்னு சொல்லு."

அந்த ஒற்றைச் சொல் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டான். கடைக்காரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு அவனைப் பார்க்காமல் விளக்கைத் துடைக்கப் போனாள்.

அக்கா வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால், இரண்டாவது மாடி. படியேறும்போதுதான் சிக்கல் முழுசாக உறைத்தது. கடிதம் வந்தது என்று சொன்னால், முப்பத்தேழையும் படித்துவிட்டு இரண்டு வருஷம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவன் ஆகிவிடுவான். வரவில்லை என்று சொன்னால், அவள் எழுதியது எதுவும் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று அவளிடம் சொல்லவேண்டும். இனி எழுத முடியாதவளிடம். அனுப்பியவருக்கு எது நல்லது என்று சன்னலில் யாரும் அவனைக் கேட்டதில்லை.

கதவைத் திறந்த டிரைவர் வழிவிட்டார்.

அக்கா சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். தலைமுடியை வெட்டிவிட்டிருந்தார்கள். வலது கையை ஒரு தலையணை மேல், யாரோ இரவல் கொடுத்த பொருள் மாதிரி வைத்திருந்தாள். அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

வந்துட்டியாடா கழுதை என்பதன் ராகம் அதில் அப்படியே இருந்தது. தபால் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா. உன் லெட்டர் ஒண்ணுகூட எனக்கு வரல."

"சரி?"

"நீ அனுப்பினது எல்லாம் காலேஜ் வாசல் வரைக்கும் வந்திருக்கு. நான்தான் உள்ள விடல. உன்னைன்னு இல்ல. தலைப்பு போடாதவங்க, உறை மேல எழுதாதவங்க யாரையும் விடக்கூடாதுன்னு ஒரு விதி எழுதினேன். திருடனுக்காக எழுதினேன். நீ அப்படித்தான் எழுதுவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்கு ஞாபகம் வரல."

சமையலறை வாசலில் டிரைவர் நின்றார். கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

அக்காவின் முகத்தில் இடது பாதி அசைந்தது. முதலில் அது அழுகை என்று அவன் நினைத்தான். சிரிப்பு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பாதி வாயால். ஊருக்கெல்லாம் பொருள் போட்டுக் கொடுத்தவள், ஒரே ஒரு இடத்தில் போடாமல் விட்டதற்குக் கிடைத்த கூலி அவளுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கவேண்டும். பிறகு சிரிப்பு நடுவில் திசைமாறிவிட்டது. இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே மாதிரி அழுதன. அவை மட்டும் பிரிந்து வேலை செய்யவில்லை.

அவன் தாளைக் காட்டினான். "வந்ததுக்கு அத்தாட்சி இது மட்டும்தான் இருக்கு. உள்ள நீ என்ன எழுதினேன்னு இல்ல. எவ்வளவு எழுதினேன்னு இருக்கு."

அக்காவுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் முப்பத்தேழு வரிகள் என்பது பார்த்தாலே தெரிந்திருக்கும். இடது கை விரலை வைத்து, வரி வரியாகக் கீழே இறங்கினாள். கடைசி நான்கிலும் நின்றாள்.

"இது எனக்குத் தெரியும்க்கா. இதைப் படிச்சுட்டேன்."

தலையாட்டினாள். விரல் மறுபடி மேலே ஏறியது. முதல் வரிக்குப் போய், அங்கேயே நின்றது. அறுபத்தொன்று. அவனைப் பார்த்தாள். விரலால் இரண்டு தடவை தட்டினாள். அதில் ஏதோ இருக்கிறது.

"திட்டி எழுதினியா?"

"சரி." இல்லை என்று தலை அசைந்தது.

"கல்யாணத்துக்கு நான் வராததைப் பத்தியா?"

இல்லை.

"நான் அன்னிக்குச் சொன்னதைப் பத்தியா? பஸ்ஸைப் பத்தி?"

கொஞ்சம் யோசித்தாள். அதுவும் இல்லை. நெற்றி சுருங்கியது. வாயைத் திறந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு நீளமான வாக்கியம் உள்ளே வரிசையில் நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

"சரி... சரி. சரி சரி."

"மாமா, உங்களுக்காவது தெரியுமா? முதல் லெட்டர்ல என்ன எழுதினான்னு?"

மாமா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"அன்னிக்கு மூணு மணி நேரம் எழுதினா. 'அக்கா தம்பி விஷயம், நீங்க எட்டிப் பார்க்காதீங்க'ன்னு என்னை வெளிய அனுப்பிட்டா. நான் வெளிய நின்னு பஸ்ஸை எண்ணிட்டு இருந்தேன்."

அக்கா இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஊகித்தான். அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, விடுதியைப் பற்றி, அவனுக்குப் பெண் பார்த்ததைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். கடைசியில் விரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது மாதிரி இருந்தது அந்த அசைவு.

டிரைவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பயிற்சிக்கு அந்த அம்மா நாளைக்கு வருவாங்க. படிச்சுக் காட்ட ஏதாவது கிடைச்சுதா?"

தபால் பையிலிருந்து அந்த இன்னொரு தாளை எடுத்தான். "ஒண்ணு கிடைச்சுது மாமா."

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கவனமாக அவனிடமே கொடுத்தார். "நீங்களே சொல்லிக் கொடுங்க மச்சான். தினம் வரணும். பத்தொன்பதாம் நம்பர் பிடிச்சா நேரா வந்துடலாம்." கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டார். "பாஸ் வாங்கினா போதும்."

அக்காவின் பாதி வாய் கோணிச் சிரித்தது. தபாலும் சிரிக்கப் பார்த்தான், அது சரியாக வரவில்லை.

தாளை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். அவள் கையாலேயே அடித்தது. அவள் கடை எழுத்து. அவள் பேச்சில் மிஞ்சியது இவ்வளவுதான்.

"சொல்லுக்கா. தம்பி."

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த நாளில் அவன் அவள் உதட்டைப் பார்த்தது மாதிரி. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் முட்டி, அங்கே எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சரி" என்றாள்.

"தம்பி."

"சரி."

கீழே டிப்போவிலிருந்து ஒரு பஸ் கிளம்பிப் போனது. அவன் தாளை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்தான்.

"தம்பி."